இருபத்துமூன்று ஆரஞ்சு நாடாக்கள்

ஏப்ரல் 19, வெள்ளி

கோடரிக் குட்டையில் பனிக்கட்டி இன்றைக்கு முழுசாக விலகிவிட்டது. இந்த மாவட்டத்தில் அதை முதலில் பார்த்தவன் நான்தான். வருஷா வருஷம் நான்தான். காலை ஏழு மணிக்கு ஊசிவால் வாத்துகள் வந்து இறங்கின. ஒரு நானூறு இருக்கும். நாற்பது என்றே வைத்துக்கொள்வோம், அதுகூட இந்த வடக்கு டகோட்டாவில் வேறு எவன் வாசலில் இறங்குகிறது?

என் ட்ரெய்லர் வீட்டுப் படியில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே பார்த்தேன். வீட்டுக்கு அடியில் ஒரு ஸ்கங்க் குடும்பம், நாற்றம் பீய்ச்சுகிற கீரி மாதிரிப் பிராணி, மூன்றாவது வருஷமாகக் குடியிருக்கிறது. நாற்றம் பழகிவிட்டது. என் காவல்காரர்கள் என்று ஊரில் சொல்லி வைத்திருக்கிறேன். நான் நட்ட ஏழு பாப்லர் மரங்களும் மொட்டு விட்டாச்சு. கண்ணுக்கு எட்டின வரைக்கும் வேறு மரமே கிடையாது. விமானம் ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்துத்தான் வழி பிடிக்கிறார்கள் என்று ஒருதரம் சொன்னேன். இரண்டு பேர் நம்பினார்கள்.

மத்தியானம் பிரிட்டா வந்தாள். அண்ணன் மகள். ஆர்டன் அண்ணன் போன பிறகு நிலம் முழுக்க அவள் பேரில். பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள் என்பதால் பக்கத்து விவசாயி கெஸ்லருக்குக் குத்தகைக்கு விட்டிருக்கிறாள். குட்டையைச் சுற்றி இருக்கிற முப்பத்தெட்டு ஏக்கர் உழாத புல்லும் சம்பங்கோரையும் மட்டும் அதில் சேராது. ஓரம் என்போம். காட்டுயிர் அலுவலகத்தோடு பத்து வருஷ ஒப்பந்தம், உழுவதில்லை, எரிப்பதில்லை, வடிப்பதில்லை என்று அண்ணன் கையெழுத்துப் போட்டது. அது இந்த செப்டம்பரோடு முடிகிறது.

கெஸ்லர் அந்த ஓரத்தையும் கேட்கிறானாம். வாய்க்கால் வெட்டித் தண்ணீரை வடித்துவிட்டால் ரோட்டிலிருந்து ரோடு வரைக்கும் நேராக விதைக்கலாமாம். இருபத்துநாலு வரிசை விதைக்கிற எந்திரத்தைக் குட்டையைச் சுற்றித் திருப்பித் திருப்பி அவன் இடுப்பே போச்சாம்.

"கூடு எண்ண ஆள் அனுப்புறாங்க சித்தப்பா. நல்லாப் பொரிக்குதுன்னு எழுதினா ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பாங்க. இல்லேன்னா கெஸ்லர்கிட்ட மாட்டேன்னு சொல்ல எனக்கு ஒரு காரணமும் இல்ல."

எத்தனை கூடு இருக்கும் என்று கேட்டாள். நூற்றுப்பன்னிரண்டு என்றேன். நூறு என்று சொன்னால் பொய் மாதிரி இருக்குமே.

ஏப்ரல் 23, செவ்வாய்

கூட்டுறவு தானியக் கிடங்கில் காலைக் காப்பி. வழக்கம்போல் பகடை உருட்டினோம். தோற்றவன் எல்லாருக்கும் காப்பி வாங்க வேண்டும். தோற்றேன். பேச்சு குட்டைக்கு வந்தது. இருநூறு கூடு என்று வாயில் வந்துவிட்டது. கெஸ்லர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "எண்ணட்டும்பா, பாப்போம்" என்றான்.

எண்ணட்டுமே. எனக்கென்ன பயமா?

மே 2, வியாழன்

பனி பெய்கிறது, மே மாசத்தில். பெட்டைகள் முட்டைமேல் அசையாமல் கிடக்கும். நானும் வெளியே போகவில்லை.

மே 9, வியாழன்

எண்ண வந்தவள் பெயர் ஜோலின். முப்பது வயசு இருக்கும், மலைப்பக்கத்துச் சிப்பவா பழங்குடிக்காரி, கம்பிபோல ஆள். கூட இன்னொருத்தி. இரண்டு நாலுசக்கர வண்டிகளுக்கு நடுவில் நீளமான சங்கிலியைக் கட்டி, புல்மேல் மெதுவாக இழுத்துக்கொண்டு போகிறார்கள். சங்கிலி தலைக்கு மேல் உரசும்போது பெட்டை எழுந்து பறக்கும். எழுந்த இடத்தில் கூடு. இந்த வேலையை அவர்களுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான் என்று நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன்.

மூன்று மணி நேரம் இழுத்தார்கள். இருபத்துமூன்று.

ஒன்றுக்கு ஒன்பது என்று பெருக்கினால்கூட இருநூறுக்குப் பக்கத்தில்தான் வருகிறது. ஜோலினோ சந்தோஷமாக இருக்கிறாள். முப்பத்தெட்டு ஏக்கருக்கு இருபத்துமூன்று என்றால் ரொம்ப நல்ல இடமாம். கூடு எத்தனை என்பதைவிட எத்தனை பொரிக்கிறது என்பதுதான் கணக்காம். நூற்றுக்குப் பதினைந்தாவது பொரித்தால் வாத்துக் கூட்டம் குறையாமல் நிற்கும். அதாவது இங்கே நாலு கூடு பொரித்தால் போதும், ஒப்பந்தத்துக்கு எழுதிவிடுவேன் என்றாள். மே கடைசியில் திரும்ப வருவாளாம்.

நாலுதானே. சிரிப்பு வந்தது.

ஒவ்வொரு கூட்டுக்கும் வடக்கே நாலு எட்டுத் தள்ளி ஒரு காய்ந்த வில்லோக் குச்சியை நட்டாள். புல்லோடு புல்லாக, கண்ணுக்கே தெரியாது. இவ்வளவு மங்கலாக ஏன் நடுகிறாய் என்று கேட்டேன்.

"தெரியக்கூடாதுன்னுதான் பெரியவரே. நீங்களும் பக்கத்துல போகாதீங்க, வேற எதுவும் கட்டாதீங்க."

நாற்பது வருஷம் இந்த ஓரத்தில் இருக்கிறவனுக்குப் பாடம்.

மே 10, வெள்ளி

கிடங்குக்கு நான் போவதற்கு முன்னால் எண்ணிக்கை போய்விட்டது. ஜோலின் பெட்ரோல் போட நின்றபோது யாரோ கேட்டிருக்கிறார்கள், அவள் நல்ல மனசோடு சொல்லியிருக்கிறாள்.

"இருநூறுல மிச்சத்தை எங்கப்பா வச்சிருக்க, ஃப்ரீசர்லயா?" என்றான் கெஸ்லர். மேசை முழுக்கச் சிரித்தது. அந்த இருபத்துமூன்றும் இருக்கிறதா என்று யாருக்குத் தெரியும், வெர்லின் (அதாவது நான்) போய்ச் சத்தம் போட்டு வாத்தைக் கிளப்பியிருப்பான் என்று இன்னொருத்தன்.

காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். ஞாயிற்றுக்கிழமை சபை முடிந்ததும் எல்லாரும் வாங்க, கண்ணால் பாருங்க என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மே 11, சனி

ஒரு நாள் வேலை. வேலிக்கு அளவு போடுகிற பளிச்சென்ற ஆரஞ்சு நாடாவை இரண்டடி இரண்டடியாக வெட்டி, ஒவ்வொரு கூட்டுக்கும் மேலேயே, புல்தண்டில் கட்டினேன். இருபத்துமூன்றையும் குச்சியைப் பார்த்து நானே கண்டுபிடித்தேன். ஒரு பெட்டை என் பூட்ஸுக்குக் கீழே இருந்து எழுந்தது. நீலச்சிறகுக் கிளுவை. பதினோரு முட்டை, மாரிலிருந்து பிடுங்கின தூவியைப் போர்த்தி வைத்திருந்தது. கைவைத்தால் சுடுகிறது.

ட்ரெய்லர் படியிலிருந்து பார்த்தால் ஓரம் முழுக்கத் திருவிழா போட்ட மாதிரி இருக்கிறது. ஜோலின் குச்சியும் ஒரு குச்சியா?

மே 12, ஞாயிறு

என் வாழ்க்கையில் நல்ல நாள். பதினாறு பேர் வந்தார்கள். (ஒன்பது.) பிரிட்டா ருபார்ப் கேக் கொண்டுவந்தாள். வரிசையாகக் கூட்டிக்கொண்டு போய் ஒவ்வொரு நாடாவாகக் காட்டினேன். முட்டை, தூவி, இது ஊசிவால், இது கிளுவை. கோடரிக் கதையையும் சொன்னேன், தாத்தா பனிக்கட்டி வெட்டும்போது கோடரி உள்ளே விழுந்து, கூடவே அவரும் விழுந்து, கோடரியை விட்டுவிட்டு மீனோடு வெளியே வந்த கதை. இந்தத் தடவை மீன் இருபது பவுண்டு.

கெஸ்லர் பதினேழாவது நாடாவுக்குப் பக்கத்தில் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தான். "ஒப்புக்கறேன்பா, இருக்கு" என்றான்.

பிரிட்டா போகும்போது என் தோளைத் தட்டினாள். அப்பா இருந்திருந்தா சந்தோஷப்பட்டிருப்பார் என்றாள்.

நாடாவை அவிழ்க்கவில்லை. அழகாக இருந்தது. நாலு பேர் ரோட்டில் போகும்போது பார்க்கட்டும்.

மே 15, புதன்

பாப்லரில் காகம். நாலைந்து. போன வருஷமும் அங்கே கூடு கட்டினதுதான்.

மே 17, வெள்ளி

மூன்று கூடு போச்சு. முட்டை ஓட்டில் ஓட்டை, மஞ்சள் கரு புல்லில் காய்ந்து கிடக்கிறது. நரியாக இருக்கும். பனியில் கெட்டுப்போன முட்டையாகவும் இருக்கும். வருஷா வருஷம் மூன்று போகும். இருபது இருக்கிறதே.

மே 19, ஞாயிறு

இன்னும் எட்டு போச்சு.

சபைக்குப் போகவில்லை.

மே 20, திங்கள்

இன்றைக்கு ஜன்னலில் உட்கார்ந்து பார்த்தேன். எழுதக் கை வரமாட்டேன் என்கிறது.

காகம் மூன்றாவது பாப்லரிலிருந்து இறங்கினது. இப்படி அப்படித் தேடவில்லை. நேராக ஒரு நாடாவுக்குப் போனது. பெட்டை எழுந்து சிறகை அடித்தது. இன்னொரு காகம் பின்னால் இருந்து முட்டையை எடுத்தது. அங்கிருந்து அடுத்த நாடா. அங்கிருந்து அடுத்தது. கடைக்காரன் வரிசையாகக் கடை திறக்கிற மாதிரி.

நான் கத்தினேன். சட்டியைத் தட்டிக்கொண்டு ஓடினேன். விழுந்தேன். முட்டி வீங்கியிருக்கிறது. அதுங்க மரத்துல போய் உக்காந்து என்னையே பாத்துக்கிட்டு இருந்துச்சு. என் மரம். நான் நட்ட மரம்.

அவள் சொன்னாளே. வேற எதுவும் கட்டாதீங்கன்னு சொன்னாளே.

மே 21, செவ்வாய்

விடிந்ததும் நாடாக்களை அவிழ்த்தேன். முழங்காலில் நகர்ந்துதான் போனேன். இருபத்திரண்டு கிடைத்தது. ஒன்று எங்கே என்று தெரியவில்லை, காற்றில் போயிருக்கும்.

நான் நடந்த தடம் புல்லில் கோடு கோடாகத் தெரிகிறது. அந்தத் தடத்தில் ஸ்கங்க் கால்தடம். என் காவல்காரர்கள்.

முட்டை இருக்கிற கூடு நாலு.

நாலு போதும் என்றாளே. நாலு போதும், நாலு போதும். இன்றைக்கு நூறு தடவை சொன்னேன். இது கூட்டிச் சொல்வதல்ல.

மே 24, வெள்ளி

போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் தடம் விழும். பார்க்காவிட்டால் என்ன ஆச்சு என்று தெரியாது. படியில் உட்கார்ந்து மூன்று வேளையும் போலோனியா சாண்ட்விச்.

போன வருஷம் மார்ச்சில் ஆஸ்பத்திரியில் அண்ணனிடம் சொன்னேன். ஓரம் இருக்கும், நான் பாத்துக்கறேன் என்று. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தான். எனக்கென்று ஒரு ஏக்கர் கிடையாது, பெண்டாட்டி கிடையாது, எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பு கிடையாது. சொன்ன வார்த்தை ஒன்றுதான் இருந்தது. அதுவும் நான் சொன்ன வார்த்தை, என்ன மதிப்பு இருக்கும் என்று நினைத்திருப்பானோ?

மே 30, வியாழன்

ஜோலின் வந்தாள். ஒவ்வொரு குச்சியாகப் போனாள். நான் படியை விட்டு இறங்கவில்லை. முட்டி வலி என்றேன். உண்மைதான்.

இரண்டு கூடு பொரித்திருக்கிறது. இரண்டே இரண்டு. மற்ற இரண்டும் இந்த வாரத்தில் போயிருக்கிறது, ஸ்கங்க் என்றாள். இருபத்துமூன்றில் இரண்டு. அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இத்தனை சீக்கிரம், இத்தனை மொத்தமாக ஒரு இடம் காலியாகி நான் பார்த்ததில்லை, இங்கே என்ன நடந்தது என்று கேட்டாள்.

சொல்லியிருக்கலாம். வாய் திறந்துதான் இருந்தது.

கெஸ்லருடைய நாய் என்றேன். தினமும் வந்து மேய்ந்தது, நான் விரட்டி விரட்டிப் பார்த்தேன் என்றேன். எப்படிக் குரைத்தது என்றுகூடச் சொன்னேன். அவள் எழுதிக்கொள்ளவில்லை. கையில் என்னவோ மடக்கி வைத்திருந்தாள், சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள்.

சாயங்காலம் பிரிட்டா ஃபோன் பண்ணினாள். அவளிடமும் நாய் என்றேன். இரண்டாவது தடவை இன்னும் சுலபமாக வந்தது.

ஜூன் 1, சனி

கெஸ்லர் வந்தான். பிக்கப்பை நிறுத்திவிட்டு மறுபக்கம் போய்க் கதவைத் திறந்து, நாயை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தான். குழந்தையைத் தூக்குகிற மாதிரி. என் படிக்கு முன்னால் மெதுவாக இறக்கி வைத்தான். பின்னங்கால் இரண்டும் மடிந்துபோய் அப்படியே உட்கார்ந்தது. கண் இரண்டும் பால் மாதிரி வெள்ளை. பதினாலு வயசாம்.

"உங்க பிரிட்டா ஃபோன்ல என்னை என்னென்னவோ கேட்டுருச்சு. இவன் சோத்துத் தட்டுக்கே வழி தெரியாம நிக்கறான். ரெண்டு மைல் நடந்து வந்து இருபது கூட்டைத் தின்னானாப்பா? அவனையே கேளு."

நாய் என் வாசனையைப் பிடித்து, என் பூட்ஸ்மேல் தாடையை வைத்துக்கொண்டது.

கெஸ்லர் குனிந்து அதன் காதைத் தடவினான். அவனுக்கு அந்த ஓரம் வேணும்தான், இல்லை என்று சொல்லமாட்டான், ஆனால் இப்படி வேண்டாம் என்றான். நாயைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். பூட்ஸில் எச்சில் காயவே இல்லை.

ஜூன் 3, திங்கள்

கிடங்கில் சொல்லிவிட்டேன். எல்லாரும் இருந்தார்கள். பகடைக் குவளை என் கையில் இருந்தது. அதை வைத்துவிட்டு, நாடா கட்டினது நான், நாடாவைப் பார்த்துத்தான் காகம் வந்தது, அத்தனை கூட்டையும் நான் ஒருத்தனாக அழித்தேன், கெஸ்லர் நாய் கிட்டேயே வரவில்லை என்றேன்.

சிரித்தார்கள்.

ஒருத்தன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "காக்காயெல்லாம் நாடாவைப் படிச்சுட்டு வந்துச்சா? ஒன்பதாவது பாஸ் பண்ணியிருக்கும், உன்னைவிட ஒரு வகுப்பு கூட." கெட்டதிலும் நான்தான் முதல் ஆளாக இருக்க வேண்டுமா என்று இன்னொருத்தன். நான் திரும்பச் சொன்னேன். திரும்பச் சொல்லச் சொல்ல இன்னும் சிரித்தார்கள். அறுபத்தெட்டு வருஷமாக வாயில் வந்ததையெல்லாம் சொல்லி வைத்தேன். இன்றைக்கு ஒரு உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறேன், வாங்க ஆளில்லை.

கெஸ்லர் மட்டும் சிரிக்கவில்லை. இன்றைக்கு யாரும் பகடை உருட்டவே இல்லை. எழுந்துபோய் எல்லார் காப்பிக்கும் அவன் கொடுத்துவிட்டுப் போனான்.

ஜூன் 4, செவ்வாய்

பிரிட்டாவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.

"அவர் நாயைச் சொன்னீங்களே சித்தப்பா" என்றாள். அது மட்டும்தான். வாத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஃபோனை வைக்கப்போகும் முன்னால், செப்டம்பரில் கெஸ்லருக்குக் கையெழுத்துப் போடுவதைத் தவிர வேற வழி தெரியல என்றாள்.

ஜூன் 6, வியாழன்

ஐம்பது மைல் ஓட்டிக்கொண்டு ஜோலின் அலுவலகத்துக்குப் போனேன். தலை சீவி, இறுதிச்சடங்குக்குப் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு. அவள் மேசையில், பிளாஸ்டிக் பையில், ஆரஞ்சு நாடா. இருபத்துமூன்றாவது.

வந்த அன்றைக்கே கிடைத்ததாம். பத்தொன்பதாவது குச்சிக்குப் பக்கத்தில். ஒரு வாரமாக நான் வருவேனா என்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

எல்லாம் சொன்னேன். அவள் திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் படிக்கிற காலத்தில் ஒரு பேராசிரியரே கொடி கட்டி ஐம்பது கூட்டை இழந்தாராம், அதற்குப் பிறகுதான் அவர்கள் மங்கலான குச்சிக்கு மாறினார்களாம். ஆறுதலுக்குச் சொன்னாளோ, நிஜமோ. என்னிடம்தான் கூட்டிச் சொல்லலாம் என்று நினைத்திருப்பாள்.

இப்போ என்ன வழி என்று கேட்டேன். பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தாள்.

"இருபத்துமூணுல ரெண்டுன்னு மட்டும் எழுதினா இடம் கெட்டதுன்னு போயிடும். ஆள் செஞ்ச கேடுன்னு எழுதினா இடம் தப்பிக்கும். ஆனா அதை நீங்கதான் எழுதிக் கையெழுத்துப் போடணும். அப்புறம் அடுத்த பத்து வருஷமும் அதே ஆள் அங்கேயே இருப்பாரான்னு மேல கேப்பாங்க."

காகம் எங்கே தங்குகிறது என்று கேட்டாள். சொன்னேன். ஸ்கங்க் எங்கே? அதையும் சொன்னேன். புல்வெளியில் மரம் கிடையாது, வீடு கிடையாது, வாத்து அதை நம்பித்தான் அங்கே முட்டை வைக்கிறது என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. எனக்குப் புரியாமல் இல்லை.

திரும்பும் வழியில் ரோட்டோரம் வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது.

ஜூன் 7, வெள்ளி

ட்ரெய்லரைச் சுற்றி வந்தேன். எட்டு அடி பாப்லர் குச்சிகளாக நட்டது. அண்ணன் வாளியில் தண்ணீர் எடுத்து வந்தான். இப்போது மூன்று ஆள் உயரம் — நாலு.

இவ்வளவு நாளும் இந்த ஓரத்தை நான்தான் காப்பாத்தறேன்னு நெனச்சிட்டு இருந்தேன். என் மரம் காக்காய்க்கு. என் வீடு ஸ்கங்க்குக்கு. நான் நடந்த தடம் நரிக்கு. வாத்துக்கு நான் என்னடா பண்ணினேன்?

நான் இங்க இருந்தா ஓரம் போகும். ஓரம் இருக்கணும்னா நான் போகணும். இது என்ன கணக்கு. அறுபத்தெட்டு வயசுல எங்க போவேன்?

ஜூன் 9, ஞாயிறு

எழுத உட்கார்ந்தேன். ஆறு பக்கம் வந்தது. அதில் தாத்தா இருந்தார், கோடரி இருந்தது, 1997 வெள்ளத்தில் நான் மூன்று பேரைக் காப்பாற்றினது இருந்தது. (ஒரு கன்றுக்குட்டி.) கிழித்துப் போட்டேன்.

ஜூன் 12, புதன்

மூன்று பக்கம். கிழித்தேன்.

ஜூன் 14, வெள்ளி

எழுதிவிட்டேன். தபாலில் போட்டாச்சு. இங்கேயும் எழுதி வைக்கிறேன்:

கூடுகளில் ஆரஞ்சு நாடா கட்டியது நான். ஆட்களைக் கூப்பிட்டுக் காட்டுவதற்காகக் கட்டினேன். காகங்கள் இருப்பது நான் நட்ட மரங்களில், ஸ்கங்க் இருப்பது என் வீட்டுக்கு அடியில், இரண்டையும் நானே எடுத்துவிடுகிறேன். ஓரத்தில் ஒரு குறையும் இல்லை.

இவ்வளவுதான். படித்துப் பார்த்தால் யாரோ எழுதின மாதிரி இருக்கிறது.

ஜூலை 11, வியாழன்

அலுவலகத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. பிரிட்டாவிடமிருந்தும்.

கெஸ்லரின் மருந்தடிக்கிற வண்டி கிழக்கு ரோட்டில் நடுவழியில் நின்றிருந்தது. பழுதாகிவிட்டதோ என்று போனேன். அவன் மேலே கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, இஞ்சினை அணைத்துவிட்டு, விரலால் கீழே காட்டினான். ஒரு கிளுவைப் பெட்டை ரோட்டைக் கடந்துகொண்டிருந்தது, பின்னால் குஞ்சுகள். முட்டை போனால் சில பெட்டை மறுபடியும் வைக்கும் என்று ஜோலின் சொன்னது ஞாபகம் வந்தது. இது எங்கேயோ, எனக்குத் தெரியாத இடத்தில் வைத்திருக்கிறது. எனக்குத் தெரியாததால்தான் பொரித்திருக்கிறது.

கடைசிக் குஞ்சு பள்ளத்தில் இறங்கும்வரைக்கும் அவன் வண்டியைக் கிளப்பவில்லை. கதவைத் திறந்து, எண்ணினியா என்றான். எண்ணல என்றேன். அவன் எண்ணியிருந்தான். சொல்லட்டுமா என்றான்.

வேணாம்பா என்றேன்.

நாய் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். போன வாரம் போய்ச் சேர்ந்துவிட்டதாம்.

ஆகஸ்ட் 8, வியாழன்

பிரிட்டா வந்தாள். அலுவலகம் சரி என்று சொல்லிவிட்டதாம், மரமும் வீடும் போனால். அவளும் என் நாலு வரியைப் படித்திருக்கிறாள். மேசைமேல் விரித்து வைத்து, உங்க கையெழுத்துதானா சித்தப்பா என்றாள்.

இன்னும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை என்றாள். கெஸ்லர் கேட்டு நச்சரிக்கிறானா என்றேன். அவன் கேட்பதை நிறுத்தி ஒரு மாசம் ஆச்சாம். பிறகென்ன என்றேன். அவள் ஜன்னல் வழியாக மரத்தைப் பார்த்தாள். உங்களை எப்படி இங்கிருந்து போகச் சொல்வேன் என்றாள்.

"நீ சொல்ல வேணாம்மா. நான் எழுதியே கொடுத்துட்டேனே."

ஆகஸ்ட் 26, திங்கள்

ஏழு மரத்தையும் நானே அறுத்தேன். காகக் குஞ்சுகள் எப்போதோ பறந்துவிட்டன. ஐந்தாவது மரம் விழுந்த சத்தம் கனடா வரைக்கும் கேட்டிருக்கும். கெஸ்லருக்குக் கேட்டிருக்கிறது. சங்கிலியும் ட்ராக்டரும் கொண்டுவந்து அடிக்கட்டைகளைப் பிடுங்கிக் கொடுத்தான். நாள் முழுக்க இரண்டு பேரும் பத்து வார்த்தை பேசியிருப்போம்.

மரம் இல்லாமல் வானம் ரொம்பப் பெரிசாக இருக்கிறது. இதை வாத்து எப்படிப் பார்க்கும் என்று தெரியவில்லை.

செப்டம்பர் 27, வெள்ளி

ட்ரெய்லர் போச்சு. பிரிட்டா வீட்டு முற்றத்தில், தானியக் குதிர்களுக்கும் டீசல் தொட்டிக்கும் நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஸ்கங்க் குடும்பம் இழுக்கிற சத்தத்திலேயே இறங்கி ஓடிவிட்டது, விடைபெறாமல். வீடு நின்ற இடத்தில் மஞ்சளாக ஒரு நீள்சதுரம். ஜோலின் புல்விதை தூவினாள். என்னையும் ஒரு கைப்பிடி தூவச் சொன்னாள்.

பிரிட்டா பிக்கப் மூடிமேல் காகிதத்தை வைத்து, பத்து வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டாள். ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைக்கும் யாரும் உள்ளே கால் வைக்கக்கூடாது என்று ஒரு வரி. யாரும் என்றால் நான். எல்லாருக்கும் தெரியும்.

இந்த ஜன்னலில் குதிர்தான் தெரிகிறது.

ஜனவரி 14, செவ்வாய்

குளிர். எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 17, வியாழன்

விடியற்காலை கதவைத் திறந்தால் காற்று தெற்கிலிருந்து. சத்தம் வந்தது. அரை மைல் அந்தப் பக்கம். ஊசிவாலின் சீட்டி, நடுவில் வேறு என்னவோ. டீசல் தொட்டிமேல் ஏறி நின்றால் குட்டை தெரியும். ஒரு காலை ஏணியில் வைத்தேன். எடுத்துவிட்டேன்.

கிடங்குக்குப் போனேன். கெஸ்லர் பகடைக் குவளையை என் பக்கம் தள்ளினான். வாத்து வந்துருச்சாப்பா, எத்தனை என்று கேட்டார்கள். மேசை முழுக்க என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

தெரியாது என்றேன்.

ஒருத்தரும் நம்பவில்லை.